வகுப்பின் வளர்ச்சியை எதில் வரைந்து பார்ப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

எங்கள் நடுநிலைப் பள்ளி அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு வகுப்பும் ஜூன் மாதத்திலிருந்து ஏப்ரல் வரை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும், அதைவிட முக்கியமாகப் பாடம் நடத்தும் எங்களுக்கும், காட்டக்கூடிய ஒரு மென்பொருள் முறை வேண்டும். நான்கு வழிகள் எங்கள் முன் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் செயலியில் ஏற்கெனவே பதிவாகும் மதிப்பீட்டு விவரங்களையே நம்பியிருக்கலாம். கூகுள் ஷீட்ஸ் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாளில் நாங்களே வரைந்துகொள்ளலாம். கணினி வழியாகப் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடில் மென்பொருளை நிறுவித் தேர்வையும் அதிலேயே நடத்தலாம். அல்லது பணம் கட்டி, ஆண்டுதோறும் மாறாத அளவுகோலில் மதிப்பெண் தரும் வெளிநாட்டு மதிப்பீட்டு மென்பொருளை வாங்கலாம். கணக்கு ஆசிரியர் என்பதால் ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மென்பொருளுக்குப் போகுமுன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் 6ஆம் வகுப்பின் கணக்குச் சராசரியை ஒரு கோட்டு வரைபடமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். முதல் பருவத்திலிருந்து மூன்றாம் பருவம் வரை கோடு மேல்நோக்கியே சென்றது. தலைமையாசிரியர் மகிழ்ந்தார், உறுப்பினர்களும் தலையசைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, விரலைக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டு, "இதுல எம்பொண்ணு எங்க டீச்சர் இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கோட்டில் அவருடைய மகள் எங்குமே இல்லை என்பதுதான் உண்மையான பதில். அதை அப்படியே சொல்ல முடியாமல் மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினேன். அந்தப் பெண் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தாள். கோடு உயர்ந்ததற்கு அவள் எந்த வகையிலும் காரணமில்லை; அவள் தேங்கியதைக் கோடு எங்களுக்குச் சொல்லவுமில்லை.

அதன் பிறகு அந்தச் சராசரி ஏன் உயர்ந்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் பகுதியில் பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளை வேலைக்குப் பிள்ளைகளோடு கிளம்பிவிடும். 30 மாணவர் கொண்ட ஒரு வகுப்பின் சராசரி 50 என்று வைத்துக்கொள்வோம், கூட்டுத்தொகை 1500. சராசரியாக 25 மதிப்பெண் எடுத்துவந்த நான்கு பிள்ளைகள் சூளைக்குப் போய்விட்டால், எஞ்சிய 26 பேரின் கூட்டுத்தொகை 1400 ஆகவும் சராசரி ஏறக்குறைய 53.8 ஆகவும் மாறிவிடும். எவரும் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாக எடுக்காமலேயே வகுப்பு ஏறத்தாழ 4 மதிப்பெண் 'முன்னேறிவிடுகிறது'. ஆகவே எந்த மென்பொருளை எடுத்துக்கொண்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இரண்டு மதிப்பீடுகளையும் எழுதிய அதே பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட அது இடம் தருகிறதா என்பதுதான். வகுப்பின் பெயர் ஒன்றாக இருப்பதால் குழுவும் ஒன்றாகிவிடாது. நாடு முழுவதும் மாணவர்களின் கற்றல் நிலையை அளக்கும் தேசிய அடைவு ஆய்வின் 2017, 2021 முடிவுகளைச் செய்திகளில் அருகருகே வைத்துப் பேசும்போதும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2017இல் 3ஆம் வகுப்பில் இருந்தவர்களும் 2021இல் 3ஆம் வகுப்பில் இருந்தவர்களும் வேறு வேறு பிள்ளைகள், அதுவும் பின்னவர்கள் கொரோனாவால் பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள்.

அடுத்த சிக்கல் அளவுகோல். முப்பருவ முறையில் ஒவ்வொரு பருவத்துக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்தின் இடையே வகுப்பில் நடப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று 100 மதிப்பெண் வருகிறது. முதல் பருவத்து வினாத்தாளில் முழு எண்கள், இரண்டாம் பருவத்தில் பின்னம், மூன்றாம் பருவத்தில் வேறொன்று. பாடமும் கடினமும் மாறிவிட்ட பிறகு முதல் பருவத்து 62ஐயும் இரண்டாம் பருவத்து 58ஐயும் ஒரே கோட்டில் இணைத்துப் 'பின்னடைவு' என்று சொல்வது, ஒருநாள் படியாலும் மறுநாள் லிட்டராலும் அளந்த பாலின் எண்களை மட்டும் ஒப்பிடுவது போன்றது. மென்பொருள் இந்தத் தவற்றைத் தானாகத் திருத்திவிடாது. அதற்கு நாம் கொடுத்தது எதுவோ அதை அழகாக வரைந்து தரும். இதற்குச் செலவில்லாத ஒரு வழி, ஒவ்வொரு மதிப்பீட்டிலும் ஆறேழு பொது வினாக்களை வைப்பது. வினாவின் வகை அதேதான், எண்கள் மட்டும் வேறு. இரண்டிலக்க வகுத்தல் ஒன்று, ஒரே பகுதியுள்ள பின்னக் கூட்டல் ஒன்று, படித்துப் புரிந்துகொண்டு போட வேண்டிய வாழ்க்கைக் கணக்கு ஒன்று என்று அமைத்து, காலவரைபடத்தை அந்தப் பொது வினாக்களின் மதிப்பெண்ணைக்கொண்டு மட்டும் வரையலாம். மொத்த மதிப்பெண் பதிவேட்டுக்குப் போகட்டும்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

துறையின் செயலியை நம்பியிருப்பதில் ஒரு பெரிய வசதி, புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை என்பது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கும், அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பார்க்கும் பழக்கத்தை அதுதான் எங்கள் ஆசிரியர்களிடம் ஊன்றியது. இந்த மூன்று சொற்களை நான் மனமார மதிக்கிறேன். 'சி கிரேடு' என்று எழுதும்போது ஒரு குழந்தையின் மேல் விழும் முத்திரை, 'அரும்பு' என்று சொல்லும்போது விழுவதில்லை. அதற்குள்ளேயே அடுத்து என்ன ஆக வேண்டும் என்பதும் இருக்கிறது. ஆனால் ஒரு குழு ஜூனில் எங்கே இருந்தது, ஜனவரியில் எங்கே வந்தது என்பதைப் பள்ளி தன் விருப்பப்படி பிரித்தும் சேர்த்தும் பார்ப்பதற்குச் செயலி போதுமானதாக எனக்குப் படவில்லை. மாநிலம் முழுவதற்குமான கண்காணிப்பே அதன் முதல் வேலை. இடையில் சேர்ந்தவர்களை விலக்கிப் பார், நீண்ட நாள் வராதவர்களைத் தனியாகக் காட்டு, பொது வினாக்களை மட்டும் எடு என்று ஒரு வகுப்பாசிரியர் கேட்கும் கேள்விகளுக்காக அது அமைக்கப்படவில்லை. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இல்லை. எனவே செயலியில் பதிவிடுவது கடமையாகத் தொடரட்டும். வகுப்பின் வளர்ச்சியை அறிய அதை மட்டும் சார்ந்திருக்க முடியாது.

விரிதாளைப் பற்றி நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. பள்ளியில் இருக்கும் பழைய மடிக்கணினியில் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாக ஓடும், இணையமே தேவையில்லை. நான்கைந்து ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பதிவிட வேண்டுமானால் கூகுள் ஷீட்ஸ் வசதியானது. இரண்டிலும் வரைபடம் நன்றாகவே வரும். தகவலை உள்ளிடும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். பருவத்துக்கு ஒரு தாள், பாடத்துக்கு ஒரு தாள் என்று பிரித்துவிட்டால் காலத்தைக் கடந்து பார்ப்பது பெரும் தலைவலியாகிவிடும். அதற்கு மாறாக எல்லாவற்றையும் ஒரே நீண்ட பட்டியலாக வைக்க வேண்டும்: ஒரு மாணவர், ஒரு பாடம், ஒரு மதிப்பீடு சேர்ந்தது ஒரு வரி. நிரல்கள் ஆறு போதும். எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்), வகுப்பு, பாடம், மதிப்பீடு நடந்த தேதி, பொது வினாக்களின் மதிப்பெண், நிலை. இப்படி வைத்துவிட்டால் பட்டியலை வேண்டியபடி பிரித்துத் தொகுத்துத் தரும் பிவோட் டேபிள் வசதி ஒன்றே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதில் கைவராதவர்கள் கவுன்ட்இஃப்ஸ் சூத்திரத்தால் ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளலாம்.

எந்த வடிவில் வரைவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சராசரிக் கோட்டை விட்டுவிட்டு அடுக்குப் பட்டை வரைபடத்துக்கு மாற வேண்டும். ஒரு மதிப்பீட்டுக்கு ஒரு பட்டை. அடியில் அரும்பு, நடுவில் மொட்டு, உச்சியில் மலர். காரணத்தை ஒரு கணக்கால் காட்டலாம். ஜூனில் 30 பேரில் 10 பேர் அரும்பு, 12 பேர் மொட்டு, 8 பேர் மலர் என்று கொள்வோம். நிலைகளுக்கு 1, 2, 3 என்று மதிப்பளித்தால் சராசரி 1.93. செப்டம்பரில் 'அ' பிரிவில் 10, 6, 14 என்றும், இதே நிலையில் தொடங்கிய 'ஆ' பிரிவில் 4, 18, 8 என்றும் ஆகியிருந்தால், இரண்டு பிரிவுகளின் சராசரியும் 2.13தான். கோட்டு வரைபடத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும். உண்மையில் 'அ' பிரிவில் நடுவில் இருந்தவர்கள் மேலே போய்விட்டார்கள், அரும்பு நிலையில் ஒருவர்கூடக் குறையவில்லை. 'ஆ' பிரிவிலோ அடியில் இருந்த ஆறு பேர் எழுந்து வந்திருக்கிறார்கள். இந்த இரண்டு வகுப்புகளுக்கும் அடுத்த மாதம் நடத்த வேண்டிய பாடமே வேறு. அந்த வேறுபாட்டைக் காட்டாத வரைபடம் ஆசிரியருக்கு எதற்கு உதவும்?

அடுக்குப் பட்டையும் முழுவதையும் சொல்லிவிடாது. 'அ' பிரிவின் அரும்பு நிலையில் ஜூனிலும் செப்டம்பரிலும் இருந்த அந்தப் 10 பேர் அதே 10 பேர்தானா? மூவர் மேலே போய், மொட்டில் இருந்த மூவர் கீழே இறங்கியிருந்தாலும் பட்டையின் அடிப்பாகம் அசையாமல் 10 என்றே நிற்கும். இதற்கு வரைபடத்தோடு சேர்த்து ஒரு சிறிய நகர்வு அட்டவணை வேண்டும்: இடப்பக்கம் ஜூன் நிலை, மேல்பக்கம் செப்டம்பர் நிலை, நடுவில் ஒன்பது கட்டங்கள். மூலைவிட்டத்தில் இருப்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பவர்கள். அதற்கு ஒரு பக்கம் ஏறியவர்கள், மறுபக்கம் இறங்கியவர்கள். அந்தக் கட்டங்களை நான் முதன்முதலில் நிரப்பியபோது, என் கண் மொட்டிலிருந்து அரும்புக்கு இறங்கிய கட்டத்திலேயே நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்களின் எமிஸ் எண்களைப் பதிவேட்டில் தேடினேன். அவர்களில் இருவர், மூக்குக்கண்ணாடி உடைந்து பல வாரங்களாகக் கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள். எந்தச் சராசரியும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

வரைதலில் சில சிறு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் எல்லாமே கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் சுவருக்குப் போகிறது. சிவப்பும் பச்சையும் அங்கே ஒரே சாம்பலாகிவிடும். ஆகவே வெளிர் சாம்பல், நடுச் சாம்பல், கறுப்பு என்று நிழலால் வேறுபடுத்துவது நல்லது. பட்டைக்குள் சதவீதத்தை எழுதாமல் தலைகளின் எண்ணிக்கையை எழுத வேண்டும். 30 பேர் கொண்ட வகுப்பில் '10 சதவீத உயர்வு' என்பது மூன்றே பிள்ளைகள். மூன்று என்று எழுதினால் அந்த மூவர் யார் என்ற கேள்வி தானாக எழும். சராசரியையும் கட்டாயம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதன் தள்ளாட்டத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி அவை சிதறியிருக்கும் அளவு) 15, மாணவர் 30 பேர் எனில், சராசரியின் திட்டப் பிழை (தற்செயலாகவே சராசரி ஏறி இறங்கக்கூடிய அளவு) ஏறக்குறைய 2.7 மதிப்பெண். அதே பிள்ளைகளின் தனித்தனி ஏற்றத்தைக் கணக்கிட்டு அதன் சராசரியை எடுத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் குறையும். அப்போதும் இரண்டு மதிப்பெண் ஏறியதற்காகக் கொண்டாடவோ இரண்டு குறைந்ததற்காக வகுப்பாசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவோ கூடாது.

விரிதாளின் குறையை மறைக்கக் கூடாது. அது அதை நடத்தும் ஆளைச் சார்ந்து நிற்கிறது. அந்த ஆசிரியருக்கு மாறுதல் வந்துவிட்டால் கோப்பு அநாதையாகிவிடும். யாரோ ஒருவர் ஒரு நிரலை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால் ஒருவரின் மதிப்பெண் இன்னொருவருக்குப் போய்விடும். இது எங்களுக்கே ஒருமுறை நடந்து, காகிதப் பதிவேடு கையில் இருந்ததால் தப்பித்தோம். பெயரோடு கூடிய கோப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் பழக்கமும் நிற்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், ஒரு குழந்தை அரும்பில் இருப்பது அடுத்த தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெயரும் எமிஸ் எண்ணும் சேர்ந்திருக்கும் தாள் தலைமையாசிரியரின் கணினியில் மட்டும் இருக்க, மற்ற கோப்புகளில் எண் மட்டும் இருந்தால் போதும்.

மூடிலைப் பொறுத்தவரை, எனக்கு அதில் ஈர்ப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தைச் சேர்ந்த மார்ட்டின் டூஜியாமஸ் உருவாக்கி, 2002இல் முதல் பதிப்பாக வெளிவந்த கட்டற்ற மென்பொருள் அது. அதன் வினாடி வினாப் பகுதி தரும் புள்ளிவிவர அறிக்கை, ஒவ்வொரு வினாவையும் எத்தனை விழுக்காட்டினர் சரியாக எழுதினர் என்பதையும், நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுபவரையும் அந்த வினா சரியாகப் பிரித்துக் காட்டுகிறதா என்பதையும் சொல்கிறது. பொது வினாக்களைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல உதவி கிடையாது. எல்லாரும் சரியாக எழுதும் வினாவும், எவருமே தொடாத வினாவும் வளர்ச்சியைக் காட்டப் பயன்படாது என்பது அங்கே பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு குழுவின் வளர்ச்சியைப் பல தேர்வுகளுக்கு ஊடாக வரைந்து காட்டுவது மூடிலின் மதிப்பெண் ஏட்டுக்குக் கைவந்த வேலையல்ல. மதிப்பெண்ணைக் கோப்பாக இறக்கி மறுபடியும் விரிதாளுக்குத்தான் வர வேண்டும். அதற்கு மேல், வழங்கி (சர்வர்) ஒன்றைப் பராமரிக்க ஆள் வேண்டும், 30 பேருக்குக் கணினிகள் வேண்டும். எங்களிடம் இயங்கும் கணினிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். கணினிச் சுட்டியை (மவுஸ்) பிடித்துப் பழகாத 11 வயதுப் பிள்ளை மூடிலில் எடுக்கும் மதிப்பெண்ணில் கணக்கறிவு எவ்வளவு, கணினிப் பழக்கம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆண்டின் இறுதியில் கோடு உயர்ந்தால் அது சுட்டி பழகியதாலும் இருக்கலாம். கணினி ஆய்வகம் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கட்டண மென்பொருள்களில் எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் என்.டபிள்யூ.ஈ.ஏ. அமைப்பின் மேப் குரோத்தைச் சொல்லலாம். அளவுகோல் சிக்கலுக்கு அது தரும் தீர்வு அழகானது. மாணவர் சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகிறது, தவறினால் எளிதாகிறது. டென்மார்க்கின் ஜார்ஜ் ராஷ் வகுத்த புள்ளியியல் மாதிரியை அடிப்படையாகக் கொண்டு வினாவின் கடினமும் மாணவரின் திறனும் ஒரே அளவுகோலில் வைக்கப்படுகின்றன. ரிட் எனப்படும் அந்த மதிப்பெண் வகுப்பு மாறினாலும் மாறாத அலகு என்பதால், 3ஆம் வகுப்பு மதிப்பெண்ணையும் 6ஆம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஒரே கோட்டில் நேர்மையாக வைக்கலாம். ஆயினும் எங்களுக்கு அது பொருந்தாது. ஒரு வகுப்பு மாணவர் பொதுவாக எவ்வளவு எடுப்பார், எவ்வளவு வளர்வார் என்று அது ஒப்பிடும் அளவுகள் அமெரிக்க மாணவர்களை வைத்து வகுக்கப்பட்டவை. தமிழ் வழியில் சமச்சீர்ப் பாடத்திட்டம் படிக்கும் பிள்ளைக்கு 'எதிர்பார்க்கும் வளர்ச்சி' இவ்வளவு என்று அது சொல்வதில் பொருளில்லை. கணக்குத் திறனை ஆங்கில வினாவால் அளந்தால், கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில அறிவின் அளவாகத்தான் இருக்கும். ஆண்டுதோறும் மாணவருக்கு இவ்வளவு என்று கட்டும் நிலையும் எங்களிடம் இல்லை. தமிழில் இப்படியொரு வினா வங்கியை மாநில அளவில் உருவாக்கி எல்லாப் பள்ளிகளுக்கும் திறந்துவிட்டால், இந்த ஒப்பீட்டையே நான் மாற்றி எழுதுவேன்; அந்த நாளை உண்மையிலேயே எதிர்பார்க்கிறேன்.

ஆகவே விரிதாளைத்தான் தலைமையாசிரியரிடம் பரிந்துரைத்திருக்கிறேன், சில நிபந்தனைகளோடு. முதல் மதிப்பீடு ஜூன் மூன்றாம் வாரத்தில் நடக்க வேண்டும். ஏப்ரலின் மதிப்பெண்ணைத் தொடக்கமாகக் கொண்டால் கோடை விடுமுறையில் மறந்ததெல்லாம் புதிய வகுப்பாசிரியரின் கணக்கில் விழும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே நடத்தினால் பாதிப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். அதன் பின் செப்டம்பர், டிசம்பர், ஏப்ரல் என்று மூன்று முறை. பொது வினாக்களை ஒரே ஆசிரியர் எழுதாமல் 5 முதல் 8 வரையிலான வகுப்புகளின் கணக்கு ஆசிரியர்கள் கூடி எழுத வேண்டும். ஒருவரின் வகுப்புத் தாளை இன்னொருவர் திருத்த வேண்டும். கோப்பைக் கையாள இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும். ஒருவர் மாறுதலில் போனாலும் மற்றவர் தொடர்வார். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சுவரில் அடுக்குப் பட்டை மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு பெற்றோரின் கையிலும் தம் பிள்ளை நான்கு மதிப்பீட்டிலும் எந்த நிலையில் நின்றது என்று நான்கே கட்டங்கள் உள்ள ஒரு சிறு துண்டுத் தாளைத் தனியாகக் கொடுப்போம். சென்ற ஆண்டு என்னிடம் கேட்ட அந்தத் தாய்க்கு முதல் துண்டை நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. சூளைக்குப் போகும் பிள்ளைகளின் வரிகளை ஒப்பீட்டிலிருந்து விலக்கிய பிறகு கோப்பிலிருந்தே நீக்கிவிடலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். அட்டவணை சுத்தமாக இருக்கும் என்பது அவருடைய வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏப்ரல் கட்டம் காலியாகவே இருந்தாலும் அந்த வரிகள் இருக்க வேண்டும். பட்டையின் உச்சியில் 'வராதவர் 4' என்று வெள்ளைக் கட்டமாக அவர்கள் தெரிய வேண்டும். ஜூனில் சூளை வேலை முடிந்து அந்தக் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது, எந்த வினாவில் விட்டுப் போனார்களோ அங்கிருந்து தொடங்க எங்களுக்கு அந்த வரிகள் தேவைப்படும்.